ஹெல்மெட்டுக்கு உத்தரவாதம் கேட்கப் போகுமுன்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணையில் உள்ள பாடசாலைக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறவள் நான். கடற்காற்று பக்கவாட்டில் அறையும் அந்தப் பாதையில், ஹெல்மெட்டின் முன்கண்ணாடி தளர்ந்திருந்தால் திடீரென்று கீழே விழுந்து மூடிக்கொள்ளும். உப்பும் புழுதியும் படிந்த கண்ணாடி வழியே எதிரே வரும் பஸ்ஸைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புதிதாக வாங்கிய ஹெல்மெட்டில் எனக்கு இந்தக் குறை வந்தது. கன்னப் பஞ்சைக் கழற்றித் துவைத்தபோது அதைவிடப் பெரிய குறையொன்றும் தெரிந்தது. உள்ளே இருக்கும் ரிஜிபோம் என்ற கெட்டி நுரை அடுக்கில், காதோரமாக, மயிரிழை போல ஒரு வெடிப்பு.

இந்த இரண்டு குறைகளும் ஒன்றல்ல. உத்தரவாதம் கேட்கப் போகிறவர் முதலில் இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி, அதைப் பிடிக்கும் பல்லுச் சில்லு, காற்றுத் துவாரத்தின் மூடி, உள்துணி ஆகியவற்றைத் திருத்தலாம், மாற்றுப் பாகம் போடலாம். ரிஜிபோம், வெளி ஓடு, நாடி வார், அதன் ஆணி, பூட்டு ஆகியவற்றில் குறை என்றால் திருத்தத்துக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். விழும்போது ரிஜிபோம் நசுங்கி அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. வெடித்த இடத்தில் அந்த வேலை ஒழுங்காக நடக்காது. “ரீச்சர், உள்ளே கொஞ்சம் கம் போட்டு ஒட்டித் தருகிறேன்” என்றார் கடைத் தம்பி. நல்ல மனதோடுதான் சொன்னார். “வேண்டாம் தம்பி, வேறு ஹெல்மெட் தாருங்கள்” என்றேன். சில பசைகளில் உள்ள கரைப்பான் ரிஜிபோமையே அரித்துவிடும். அதே காரணத்தால் ஹெல்மெட்டைப் பெற்றோலாலோ தின்னராலோ துடைக்கவும் கூடாது. துடைத்தால் ஹெல்மெட்டும் கெடும், உத்தரவாதமும் போகும்.

அடுத்ததாகக் கடையில் கேட்பது, “கீழே போட்டீர்களா?” என்பதுதான். விழுந்த ஹெல்மெட்டுக்கு உத்தரவாதம் கிடையாது, ஆகவே அந்தக் கேள்வி நியாயமானது. பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். வாங்கிய அன்றே வெளிப்புறத்தை நான்கு பக்கமும், பஞ்சைக் கழற்றி உட்புறத்தையும், நாடி வாரில் தைத்த துணிச் சீட்டையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வெடிப்பு இருந்த இடத்துக்கு நேர் வெளியே ஓட்டில் ஒரு கீறலும் இல்லை என்பதை என்னால் படத்தோடு காட்ட முடிந்தது. அதன் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

கடையிலேயே பார்க்க வேண்டியவை சில. இலங்கையில் ஹெல்மெட்டுக்குரிய தரநிலை எஸ்.எல்.எஸ். 517. ஐரோப்பியச் சான்று பெற்ற வெளிநாட்டுத் தயாரிப்பானால் அதன் முத்திரையாக, வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் நாட்டு எண்ணும் நாடி வாரில் தைத்த சீட்டில் இருக்கும். பின்புறம் ஒட்டிய டி.ஓ.டி. ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது தயாரிப்பாளர் தாமே சான்று சொல்லும் அமெரிக்க முறை, ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம். பூட்டை மாட்டி வாரைப் பலமாக இழுங்கள். ஒரு நூல் அளவு வழுக்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடி வழியே கதவு நிலையின் நேர்கோட்டைப் பாருங்கள். கோடு நெளிந்தால் இரவில் எதிர்வரும் வெளிச்சமும் சிதறித் தெரியும்.

பற்றுச்சீட்டு இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். கேட்டால் அதைக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. அதில் ‘ஹெல்மெட் 1’ என்று மட்டும் எழுதினால் போதாது. பெயர், மாதிரி, அளவு, திகதி, உத்தரவாதக் காலம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். மை மங்கும் வகைச் சீட்டென்றால் அன்றைக்கே போட்டோப் பிரதி எடுத்துவிடுங்கள். எங்கள் வெயிலில் ஸ்கூட்டர்ப் பெட்டிக்குள் கிடந்தால் அது சீக்கிரமே வெள்ளைத் தாளாகிவிடும்.

“கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த கிழமை வாருங்கள்.” யாழ்ப்பாணத்தில் எந்தப் பொருளுக்கு உத்தரவாதம் கேட்டாலும் கிடைக்கும் பதில் இது. பல வேளைகளில் உண்மையும்கூட, ஏனென்றால் இறக்குமதியாளர் அங்கேதான் இருக்கிறார். ஆனால் இந்தக் காத்திருப்பில் ஓர் ஆபத்து உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருள் உத்தரவாதத்துக்கு ஏற்றதாக இல்லை என்ற முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சீட்டில் ஒரு வருட உத்தரவாதம் என்று இருக்கலாம், அதிகாரசபையின் கதவோ மூன்று மாதத்தில் சாத்திவிடும். ஆகவே குறை தெரிந்தவுடன் கடைக்கு வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல் ஒரு கடிதமும் கொடுங்கள். வாங்கிய திகதி, குறை, நீங்கள் கேட்பது, பதில் வேண்டிய நாள் ஆகியவை இருந்தால் போதும். பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஹெல்மெட்டை ஒப்படைக்கும்போதும் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று எழுதி வாங்குங்கள்.

என் விடயம் கடிதத்தோடு முடிந்தது, புதிய ஹெல்மெட் வந்தது. அப்படி முடியாவிட்டால் பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். கண்டி வீதியில் உள்ள மாவட்டச் செயலகத்துக்கும் பற்றுச்சீட்டுப் பிரதி, படங்கள், கடிதம் மூன்றோடும் போகலாம். விசாரித்தபின் பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு வழங்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதிகாரசபைக்கு உண்டு. மூன்று மாதம் தாண்டியிருந்தால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபையை நாடலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

மாற்று ஹெல்மெட் கைக்கு வந்ததும் அதையும் பஞ்சு கழற்றிப் பார்த்து, படம் எடுத்து, புதிய திகதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பழையதன் நாடி வாரை உங்கள் கண்முன்னே வெட்டச் சொல்லுங்கள். வெடித்த ஹெல்மெட் துடைக்கப்பட்டு மறுபடி அலுமாரியில் ஏறி, இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் தலைக்குப் போய்விடக் கூடாது.