‘போல’ வந்தாலே உவமையா? அணி அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டில் ‘போல’ என்ற சொல்லைக் கண்டதும் ‘உவமை அணி’ என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிற பழக்கம் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழில் பட்டம் பெற்று ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். அணிகளைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் கிளைக்கின்றன. ‘போல’ போன்ற உவம உருபைத் தேடுகிற கண், அந்த வரி என்ன செய்கிறது என்று பார்க்க மறந்துவிடுகிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்கிறார் இளங்கோ. ‘போல்’ இருக்கிறது, ஆனால் இது உவமை அணி அன்று. கொடி எதைப் போல இருக்கிறது என்று சொல்வது இங்கே நோக்கமில்லை. காற்றுக்கு இயல்பாக அசையும் கொடிக்கு ‘வராதே’ என்று சொல்லும் எண்ணத்தைக் கவிஞர் தாமாக ஏற்றுகிறார். தற்குறிப்பேற்ற அணி.

அணியின் பெயரைச் சரியாக எழுதுகிறவர்களும் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறார்கள். ‘இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவதால்’ என்ற மனப்பாட வரியோடு விடை முடிந்துவிடுகிறது. ஏன் அந்தக் குறிப்பு, ஏன் அந்த இடத்தில் என்று சொல்லாத விடை பாதி விடைதான். கோவலன் அந்த ஊரில் கொலையுண்ணப் போகிறான். அவனுக்கு அது தெரியாது, கதை சொல்பவருக்குத் தெரியும். தடுக்க முடியாத தவிப்பைக் கொடியின் கையில் கொடுத்துவிடுகிறார்.

இதன் அருகே கம்பரை வைத்துப் பாருங்கள். இராமன் மிதிலைக்கு வருகிறான். அங்கும் மதிலில் கொடிகள்தான். ‘செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி’ அந்நகரம் அவனை ‘ஒல்லை வா’ என்று அழைப்பது போன்றிருந்தது என்கிறார். சீதை அங்கே இருக்கிறாள், திருமணம் காத்திருக்கிறது. ஆடுவது அதே கொடி, வீசுவது அதே காற்று. ஓரிடத்தில் வராதே, மற்றோரிடத்தில் விரைந்து வா. இந்த வேறுபாட்டை உணர்ந்தவருக்குத் தற்குறிப்பேற்றத்தின் இலக்கணம் மறக்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘கொடிகள் என்னும் கைகள்’ என்பது உருவகம். ஒரு பாட்டில் ஓர் அணிதான் இருக்கும் என்று நினைப்பதும் தவறு.

‘தேவர் அனையர் கயவர்’ (குறள் 1073) என்ற இடத்தில் ‘அனையர்’ என்ற உவமைச் சொல் உண்டு. கயவரைத் தேவரோடு ஒப்பிட்டு உயர்த்துகிறாரோ என்று தோன்றும். ‘அவருந்தாம் மேவன செய்தொழுக லான்’ என்று அடுத்து வந்ததும் நிறம் மாறுகிறது. கட்டுப்படுத்த ஆளில்லாமல் மனம்போனபடி நடப்பவர்கள் என்பதே அந்த ஒற்றுமை. புகழ்வது போலப் பழிப்பது, வஞ்சப்புகழ்ச்சி.

உருபே இல்லாத இடத்தில் நேர்மாறான குழப்பம். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு’ என்பதில் எழுத்தும் உலகும் இரண்டு தொடர்களாக நிற்கின்றன, நடுவே ‘அதுபோல’ மறைந்திருக்கிறது. ஆகவே எடுத்துக்காட்டு உவமை. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்’ (475) என்பதில் மயிலிறகும் வண்டியும் மட்டுமே இருக்கின்றன. சொல்ல வந்த பொருள் பாட்டில் எங்குமில்லை. அதுவே பிறிதுமொழிதல். பொருளை எங்கே தேடுவது? அதிகாரத் தலைப்பைப் பாருங்கள்: வலியறிதல். எளியவர்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்பவனின் அச்சும் ஒருநாள் முறியும். குறளை அதிகாரத்திலிருந்து பிய்த்தெடுத்துப் படிக்கிறவருக்கு இது வண்டிப் பாரம் பற்றிய அறிவுரையாகவே தோன்றும். எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிறிதுமொழிதலாக ஒன்றை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அதன் பொருளை விளக்கினால், வாசகர் தாமே கண்டடையும் இன்பத்தை நாமே பறித்துவிடுகிறோம்.

மலர்முகம், முகமலர் குழப்பத்தை விரைவில் தீர்க்கலாம். உவமை முன்னே வந்தால் உவமைத்தொகை, பின்னே போனால் உருவகம். ‘பிறவிப் பெருங்கடல்’ உருவகம். ஆனால் அதே குறளில் இறைவன் அடியைத் தெப்பமாக உருவகிக்காமல் விட்டதால் ஏகதேச உருவகம்.

உவமை என்று சரியாகக் கண்டபின்னும் ஒரு தவறு காத்திருக்கிறது: எது பொதுத்தன்மை என்று கேளாமல் விடுவது. தொல்காப்பியர் ‘வினைபயன் மெய்உரு’ (செயல், பயன், வடிவம், நிறம்) என்று நான்காக வகுத்தது இதற்குத்தான். குறுந்தொகை 40இல் ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்பதைப் படித்துவிட்டு, தலைவன் நீரா, தலைவி நிலமா என்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். பாட்டு சொல்வது ‘அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்று. ஒப்பிடப்படுவது கலத்தல் என்னும் வினை. என் தாயும் உன் தாயும் யார் யாரோ என்று தொடங்கும் பாட்டு அது. வானத்து நீருக்கும் செம்மண்ணுக்கும் முன் உறவில்லை. சேர்ந்தபின் பிரிக்கவும் முடியாது.

சங்கப் பாட்டில் இயற்கை வந்தால் ‘வருணனை’ என்று தாண்டிப்போவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. குறுந்தொகை 8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது, பேசுகிறவள் பரத்தை. வயலோரத்து மாமரத்திலிருந்து தானே விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிற ஊரை உடையவன் என்று தலைவனைக் குறிக்கிறாள். அவன் தானாக வந்தான், நான் போய்ப் பிடிக்கவில்லை என்பது உள்ளுறை, இயற்கைக் காட்சிக்குள் மறைத்துவைத்த பொருள். அதே பாட்டில் வெளிப்படையான உவமையும் உண்டு. இங்கே பெருமொழி பேசுகிறவன் தன் வீட்டில், நாம் கைகால் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல, தன் மகனின் தாயான மனைவி விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். தலைவியின் தோழியர் காதில் விழும்படிதான் இத்தனையும். அவனைக் கேலி செய்யும்போது ‘போல’ என்று நேராகவே சொல்கிறாள். தன்மேல் விழுந்த பழியை மறுக்கும்போது மட்டும் மாம்பழத்துக்கும் வாளைக்கும் பின்னால் நின்றுகொள்கிறாள்.