டிபிஎஸ் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் வாங்குங்க

காலைல ஸ்டார்ட் பண்ணா ஐடில் (பெடல் மிதிக்காதப்ப எஞ்சின் ஓடுற வேகம்) ஏறி ஏறி இறங்குது, சிக்னல் லைட்ல நின்னுட்டு மெதுவா கால வச்சா ஒரு குலுக்கு குலுக்கிட்டு அப்புறம்தான் காடி நகருது, ஆட்டோ கியரா இருந்தா இடிச்சுக்கிட்டு மாறுது. இதெல்லாம் சேர்ந்து வந்தா த்ராட்டில் (எஞ்சினுக்கு காத்து விடுற மூடி) பொசிஷன் சென்சர், அதான் டிபிஎஸ், அது மேல சந்தேகப்படலாம். என்னோட 98 மாடல் காடிக்கும் இதேதான். டவுன்ல ஒரு ஒர்க்ஷாப் போர்மேன் போனட்டையே தொறக்காம "சென்சர் போச்சு தம்பி, த்ராட்டில் பாடியோட மாத்திடுவோம்"னாரு, அவர் சொன்ன வெலைய கேட்டதும் சரிண்ணே அப்புறம் வரேன்னுட்டு சுங்கை சிப்புட்ல இருந்து அதே குலுக்கலோட வீட்டுக்கு வந்துட்டேன்.

இது அப்படி ஒன்னும் பெரிய சாமான் இல்ல. பழைய ரேடியோல சத்தம் கூட்டுற குமிழ் இருக்கும்ல, உள்ள பாத்தா அதே கதைதான். ஒரு கார்பன் தடம், அது மேல தேய்ச்சுக்கிட்டே நகருற ஒரு சின்ன கை. பெடல மிதிச்சா கேபிள் த்ராட்டில திருப்பும், அதோட இந்தக் கையும் திரும்பும், எவ்வளவு தொறந்திருக்குன்னு வோல்ட் கணக்குல இசியுக்கு, அதான் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, சொல்லும். குமிழ் பழசானா கரகரன்னு கத்துமே, இங்க அதுக்கு பதிலா காடி குலுங்கும். அதிகமா தேயுறதும் ஒரே எடத்துலதான், லேசா கால் வச்சு ஓட்டுற அந்த கொஞ்ச தூரம். நம்ம பக்கம் செம்பனை லாரி பின்னாடியே ஊர்ந்து போறவங்களுக்கு அந்த எடம் எவ்வளவு தேயும்னு யோசிச்சு பாருங்க.

கேபிள் வச்ச பழைய இன்ஜெக்ஷன் காடிக்குதான் நான் சொல்றது. கேபிளே இல்லாம மோட்டார் தொறக்குற புது வகை த்ராட்டில்ல சென்சர் உள்ளயே இருக்கும், அத கழட்டவும் வேணாம், சாவி போட்டுட்டு விரல உள்ள விடவும் வேணாம்.

வேண்டிய சாமான்: மல்டிமீட்டர், ரெண்டு தையல் ஊசி, மார்க்கர் பேனா, த்ராட்டில் கிளீனர், 10 எம்எம் ஸ்பேனர், நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். ஊசி ஆடுற பழைய மீட்டர் கெடச்சா இன்னும் நல்லது, ஏன்னா நம்பர் மீட்டர் மெதுவா மாறும், சட்டுனு வந்து போற கோளாற காட்டாமலே விட்டுரும்.

மொதல்ல சோதனை. எதையும் கழட்டாதீங்க. த்ராட்டில் பாடில கேபிள் சுத்துற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், தண்டோட முனைல ரெண்டு ஸ்க்ரூ போட்டு கருப்பா ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதான் ஆளு. மூணு ஒயர் வரும்: ஒன்னு 5 வோல்ட், ஒன்னு எர்த், ஒன்னு சிக்னல். நாலு இருந்தா நாலாவது பெரும்பாலும் ஐடில் சுவிட்ச். ஹேண்ட் பிரேக் போட்டு, சாவிய ஆன்ல வச்சு, எஞ்சின் ஓடாம, மீட்டரோட கருப்பு முனைய பேட்டரி நெகட்டிவ்ல வச்சுட்டு, சிவப்ப கனெக்டருக்கு பின்பக்கமா சொருகின ஊசில வைங்க. ஒயர குத்தி ஓட்டை போடாதீங்க, ரெண்டு ஊசி ஒன்னோட ஒன்னு முட்டவும் விடாதீங்க. சிக்னல் ஒயர்ல பெடல் மிதிக்காதப்ப பெரும்பாலும் 0.5 வோல்ட் கிட்ட இருக்கும், முழுசா மிதிச்சா 4ல இருந்து 4.5 வரைக்கும் போகும். உங்க காடிக்கு சரியான நம்பர் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், அதுதான் கடைசி பேச்சு.

நடுவுல எப்படி ஏறுதுங்கறதுதான் முக்கியம். பெடல மிதிக்க ஆள் வேணுமேன்னு அம்மாவ கூப்ட்டு சீட்ல உக்கார வச்சேன்.

"மெதுவா மிதிம்மா."

"எவ்வளவு மெதுவாடா?"

"பால் வெட்டுறப்ப கத்திய இழுப்பியே, அந்த மாதிரி."

"மரம் காயப்படாம இழுக்கணும்ங்கற, அப்படி சொல்லு."

எத்தன வருஷம் ரப்பர் மரத்துல வெட்டின கை, காலுக்கும் அந்த நிதானம் இருந்துச்சு. மீட்டர் ஊசி 0.6, 0.7, 0.8ன்னு வழுக்கிக்கிட்டு ஏறுது, 0.9 கிட்ட வந்ததும் பொத்துன்னு பூஜ்யத்துக்கு விழுந்து திரும்ப எழுந்துச்சு. அம்மாவ மூணு தடவ மிதிக்க சொன்னேன், மூணு தடவையும் அதே எடத்துல விழுந்துச்சு. அப்பதான் புதுசு வாங்கவே கெளம்பினேன். ஊசி சீரா ஏறிச்சுன்னா சென்சர் நல்லாதான் இருக்கு, த்ராட்டில் வாய்ல கரி ஒட்டியிருக்கான்னு பாத்து தொடைங்க, அதுவும் இதே மாதிரி படுத்தும்.

கழட்டுறது. சாவிய ஆஃப் பண்ணி பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க (ரேடியோக்கு கோட் நம்பர் இருந்தா எழுதி வச்சுக்குங்க). பழைய சென்சர்ல ஸ்க்ரூ போடுற காது எங்க உக்காந்திருக்குன்னு மார்க்கர்ல கோடு போட்டுட்டு கனெக்டர் கிளிப்ப பொறுமையா எடுங்க, எஞ்சின் சூட்டுல பிளாஸ்டிக் அப்பளமா ஆகியிருக்கும். ஸ்க்ரூலதான் நான் மாட்டினேன். ஜப்பான் டிசைன் எஞ்சின்ல ஸ்டார் தலை வேற மாதிரி வெட்டியிருப்பாங்க, சாதா ஸ்க்ரூடிரைவர் மேல ஏறி தலைய மழிச்சிடும், ஒன்ன அப்படித்தான் மொட்டையடிச்சேன். ஜேஐஎஸ் (ஜப்பான் ஸ்டாண்டர்ட்) முனைன்னு கேட்டு வாங்குங்க, கொஞ்சம் எண்ணெய் அடிச்சு ஊற விட்டு, நல்லா அழுத்திக்கிட்டு திருப்புங்க.

மாட்டுறது. கிளீனர சென்சர் மேல அடிச்சிடாதீங்க. உள்ள ஸ்பிரிங் இருக்கு, அதனால பெரும்பாலும் நேரா வச்சு முடுக்க முடியாது: கொஞ்சம் சாச்சு வச்சு, தண்டு நாக்குல சரியா உக்கார்ந்ததும், ஸ்பிரிங் இழுக்குற இழுப்புக்கு எதிரா திருப்பி ஓட்டைக்கு நேரா கொண்டு வரணும். இப்ப கேபிள் பக்கம் கையால த்ராட்டில முழுசா தொறந்து விடுங்க. டக்குன்னு மூடலன்னா தப்பா மாட்டியிருக்கீங்க, கழட்டிருங்க, அப்படியே ரோட்டுக்கு எடுத்துட்டு போயிடாதீங்க.

அட்ஜஸ்ட் பண்றது. காதுல இருக்குற ஓட்டை நீளமா இருந்தாதான் இந்த வேலை, வட்டமா இருந்தா ரெண்டு ஸ்க்ரூவையும் முடுக்கிட்டு போய்க்கிட்டே இருங்க. நீளம்னா ஸ்க்ரூவ லேசா பிடிக்க விட்டு, கனெக்டர், பேட்டரி ரெண்டையும் மாட்டி, சாவி ஆன், மறுபடியும் மீட்டர். பழைய கோட்டுல வச்சப்ப எனக்கு 0.72 காட்டுச்சு. மயிரிழை மயிரிழையா திருப்பி 0.49க்கு கொண்டு வந்தேன், ஸ்க்ரூவ முடுக்கினா 0.53ன்னு ஓடிருச்சு. முடுக்குறப்ப நகரத்தான் செய்யும், அதனால இந்த ஸ்க்ரூ கொஞ்சம் அந்த ஸ்க்ரூ கொஞ்சம்னு மாத்தி மாத்தி முடுக்கி, ஒவ்வொரு தடவையும் நம்பர பாருங்க. பக்கத்துலயே பெயிண்ட் தடவி சீல் வச்ச ஸ்க்ரூ ஒன்னு கண்ண உறுத்தும், அது த்ராட்டில் எங்க நிக்கணும்னு கம்பெனில வச்சது, ஐடில் ஏத்துறதுக்குன்னு அதுல கை வைக்காதீங்க.

அப்புறம் ஏசி போடாம ஒரு பத்து நிமிஷம் ஐடில்ல விடுங்க. நான் அம்மாவையும் ஏத்திக்கிட்டு தோட்டத்து ரோட்டுல ஒரு ரவுண்டு போனேன், முன்னாடி வழக்கம்போல ஒரு செம்பனை லாரி, பின்னாடியே லேசா கால் வச்சு ஊர்ந்தேன், குலுக்கல் இல்ல. "இதுக்குதான் என்னைய மூணு தடவ மிதிக்க சொன்னியா"ன்னாங்க அம்மா.