பயிற்சி வகுப்பில் கழித்தல் நடத்துவது எப்படி? ஈர்க்குச்சிக் கட்டு போதும்

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு, 24 குழந்தைகள். எனக்குக் கிடைத்த பாடம் கடன் வாங்கிக் கழித்தல். முதல் நாள் கரும்பலகையில் 42 − 17 எழுதினேன். பாதிப் பேரின் சிலேட்டில் விடை 35. மேலே 2, கீழே 7. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டார்கள். மறுநாள் எல்லாவற்றையும் மாற்றினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடக்குறிப்பு எழுதும் முறை உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

1. குச்சி சேருங்கள். தென்னை விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கை நான்கு விரற்கடை அளவுக்கு நறுக்கி, கூரான நுனியை வெட்டிவிடுங்கள். இருவருக்கு 50 குச்சி என்றால் 24 பேருக்கு 600 வேண்டும். புளியங்கொட்டை எண்ணுவதற்கு அருமையானது, ஆனால் கட்டாகக் கட்ட முடியாது. பத்தின் படத்தை அட்டையில் வரைந்து ஒட்டுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். வரைந்த பத்தைப் பிரிக்க முடியாதே.

2. கட்டுகளைக் குழந்தைகளே கட்டட்டும். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் வளையம் போட ஒரு முழுப் பாடவேளை ஆகும், ஆகட்டும். நூலால் கட்டினால் முடிச்சை அவிழ்ப்பதிலேயே கவனம் போய்விடும். இன்னும் எண்ணுவதில் தடுமாறும் குழந்தைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், தொடக்க நிலையிலிருந்து மேல்நோக்கி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைக் குழந்தைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். அரும்புக் குழந்தை கட்டிய கட்டை வைத்து மலர்க் குழந்தை கணக்குப் போடும்போது அந்த முகத்தைப் பாருங்கள்.

3. கட்டைப் பிரிப்பது. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

முதலில் நானே முன்னால் நின்று ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், விடை மட்டும் மறுபடி 35. “பக்கத்து வீட்டில் பத்து கடன் வாங்குகிறோம்” என்று விளக்கியபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “எப்போது திருப்பிக் கொடுப்போம், டீச்சர்?”

அவள் கேட்டது முழுக்க நியாயம். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும் என்பது அவள் வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டது. இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை, பத்து பத்தாகவேதான் இருக்கிறது, கட்டு மட்டும் பிரிகிறது. பாடநூல் சொல்லும் ‘இனமாற்றம்’ சரியான சொல், ஆனால் குழந்தை வாயில் நுழையாது. நான் ‘கட்டைப் பிரித்தல்’ என்றே சொல்லத் தொடங்கினேன்.

இப்படிச் செய்யுங்கள்: நான்கு கட்டும் இரண்டு உதிரியும் மேசையில் இருக்கட்டும். “ஏழு உதிரி கொடு” என்று கேளுங்கள். இல்லை என்று குழந்தை சொல்லும். அங்கே நிறுத்திக் காத்திருங்கள், வழி சொல்லிவிடாதீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் நெடுநேரம் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தபடியே ஒரு கட்டின் வளையத்தை மெல்ல உருவினான். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழைக் கொடுத்தான், மிச்சம் ஐந்து. ஒரு கட்டையும் கொடுத்தான். 25.

4. எழுத்தும் குச்சியும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். குச்சி வேலை முழுவதும் முடிந்த பிறகு கரும்பலகைக்குப் போனால் இரண்டும் தனித்தனிப் பாடமாகிவிடும். ஒருவர் வளையத்தை உருவிய அதே நொடியில் மற்றவர் 4ஐ அடித்து 3 என்றும், 2க்கு மேல் 12 என்றும் எழுதட்டும். குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரோரக் கரும்பலகை இருந்தால் சிலேட்டைவிட அதுவே நல்லது. ஒரே பார்வையில் எல்லோருடைய கணக்கும் உங்களுக்குத் தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வகுப்பில் செய்து பார்த்த தோழி ஒருவர், 40 − 13இல் குழந்தைகள் 33 எழுதுவதாகச் சொன்னார். உதிரியே இல்லாததால் கீழே உள்ள 3ஐ அப்படியே இறக்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் உதிரி வைக்கும் இடத்தில் ஒரு வெற்றுத் தட்டை வையுங்கள். “தட்டிலிருந்து மூன்று எடு” என்று கேளுங்கள். வெறும் தட்டைப் பார்த்ததும் கை தானாகக் கட்டுப் பக்கம் போகும். ஆனால் 42, 53 போன்ற கணக்குகள் நான்கைந்து முடிந்த பிறகே 40ஐக் கொடுங்கள்.