எழுதிய கதையைக் குழுவின் முன் வைப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்துப் புதிய எழுத்தாளர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மூன்று ஆண்டுகள் கதை எழுதி எழுதிக் குறிப்பேட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த பிறகு, வேலூரில் ஆறு பேர் கூடும் ஒரு கதை விவாதக் குழுவில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதங்களில் தெளிந்ததைவிடக் குழம்பியதே அதிகம். நன்றாக வந்திருந்த ஒரு கதையை, பிறர் சொன்னதையெல்லாம் கேட்டு, என் கையாலேயே கெடுத்தேன். அதன்பின் எப்படிச் சரிசெய்துகொண்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கதை எழுதும் முறைக்குள் நான் போகவில்லை. உங்கள் கையில் முடித்த கதை ஒன்றாவது இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: குழுவைத் தேடுதல்

நம் பகுதி இலக்கியக் கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. அச்சில் வந்த நூலை அறிமுகப்படுத்திப் பொன்னாடை போர்த்தும் கூட்டம் ஒன்று. அச்சுக்குப் போகாத கதையை நான்கைந்து பேர் உட்கார்ந்து வரிவரியாகப் பேசும் கூட்டம் மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. ஆனால் அதற்கு யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை என்பதால், முதல் வகைக் கூட்டத்தின் வழியாகத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். நூலகங்களின் வாசகர் வட்டம், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச), கலை இலக்கியப் பெருமன்றம் ஆகியவற்றின் கிளைக் கூட்டங்கள், மாவட்டப் புத்தகத் திருவிழா அரங்குகள் ஆகியவற்றுக்குத் தொடர்ந்து சென்று, மேடையில் பொதுவாகப் புகழாமல் ஒரு குறிப்பிட்ட காட்சியையோ வரியையோ எடுத்துப் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய், எழுதிப் பார்க்கிறவர்கள் எங்கேனும் கூடுகிறார்களா என்று கேளுங்கள். எனக்கு வழி திறந்தது அப்படித்தான்.

தேடும்போது வேலூர் மாவட்டம் என்ற எல்லைக்குள் நின்றுவிடாதீர்கள். 1989இல் பழைய வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியாயிற்று. 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அமைப்புகளின் கிளைகளும் அறிவிப்புகளும் மாவட்டவாரியாக வருவதால், ஆற்காட்டிலோ வாணியம்பாடியிலோ நடக்கும் கூட்டம் உங்கள் கண்ணில் படாமலே போகலாம். எங்கள் குழுவில் ஒருவர் குடியாத்தத்திலிருந்து இரயிலில் காட்பாடிக்கு வந்து அங்கிருந்து பேருந்து பிடிக்கிறார்.

இரண்டாம் படி: கதை இல்லாமல் இரண்டு கூட்டம்

முதல் இரண்டு முறை வெறுங்கையோடு போங்கள். ஒருவர் கதையைப் பற்றிப் பேச எவ்வளவு நேரம் தருகிறார்கள், குறை சொல்லும்போது கதையைச் சொல்கிறார்களா அல்லது ஆளைச் சொல்கிறார்களா என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும். ஆளைச் சொல்லும் குழுவாக இருந்தால் மூன்றாம் முறை போக வேண்டாம்.

மூன்றாம் படி: கதைப் பிரதியைத் தயார்செய்தல்

என் முதல் கதையைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினேன். பெற்றவர்களின் கைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் திறந்தது. யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். பழைய கோப்புகள் இருந்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிய பிறகு ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும் என்பதால் மூலக் கோப்பையும் கையில் வைத்திருங்கள்.

திரையில் கருத்துப் பெறுவதற்குக் கூகுள் டாக்ஸ் நல்லது. ஆனால் மற்றவர்களுக்குத் திருத்தும் உரிமை தராமல், கருத்து இடும் உரிமையை மட்டும் தாருங்கள். என் விருப்பம் அச்சுப் படிதான். ஜெராக்ஸ் கடையில் ஆளுக்கு ஒரு படி எடுத்து, வரிகளுக்கிடையே பேனாவால் எழுத இடம் விட்டு, ஒவ்வொரு பத்திக்கும் எண் இட்டுக் கொடுக்கிறேன். கைபேசியில் பார்ப்பவருக்கும் தாளில் பார்ப்பவருக்கும் பக்கம் வேறுபடும். பத்தி எண் வேறுபடாது. "ஏழாம் பத்தியில்" என்று ஒருவர் சொன்னால் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும்.

நான்காம் படி: என்ன வேண்டுமென்று கேட்டல்

"கதை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். எந்த இடத்தில் கவனம் கலைந்தது, எந்த இடத்தில் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது, முடிவு எப்போதே தெரிந்துவிட்டதா என்று கேளுங்கள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நன்னூலின் பாயிரம் நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களில் சிலவற்றை அவர்தான் எங்கள் பேச்சுக்குள் கொண்டுவந்தார். நன்னூலை இயற்றிய பவணந்தியார் கதைக்காக அவற்றைச் சொல்லவில்லை என்றாலும், கதை பேசுவதற்கு அவை மிகவும் பொருந்துகின்றன. சொன்னதையே மீண்டும் சொன்னால் கூறியது கூறல். அத்தையின் திருமணத்தைச் சொல்ல வந்து ஊர்த் திருவிழாவில் மூன்று பத்தி தங்கிவிட்டால் மற்றொன்று விரித்தல். வலுவாகத் தொடங்கி முடிவுக்கு வரும்போது இளைத்துப்போனால் சென்று தேய்ந்து இறுதல். குறைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் சொல்பவருக்குத் தயக்கம் குறைகிறது, கேட்பவருக்கும் அது தன்மேல் வைத்த குற்றமாகத் தோன்றுவதில்லை. இந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்திச் சொல்வேன்.

ஐந்தாம் படி: பேசாமல் எழுதிக்கொள்ளுதல்

மற்றவர்கள் பேசும்போது விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே, பத்தி எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு ஐயம் இருந்தால் கேட்கலாம்.

ஆறாம் படி: கருத்துகளைப் பிரித்தல்

நான் இடறி விழுந்தது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குடியாத்தத்தில் பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்த என் பெரியம்மாவை மனத்தில் வைத்து ஒரு கதை எழுதியிருந்தேன். இலையை நனைத்துத் துணியில் சுற்றி வைப்பது, அளவுத் தகடு வைத்துக் கத்தரிப்பது, முறத்தை மடியில் வைத்துத் தூளிட்டுச் சுருட்டி நூல் கட்டுவது என்று தொடக்கத்தில் இரண்டு பத்திகள் வந்தன. தமிழாசிரியர், "எனக்கு மூன்றாம் பத்திவரை கதைக்குள் போக முடியவில்லையம்மா, அந்த இரண்டு பத்திகளை எடுத்துவிடுங்கள்" என்றார். வேறு மாவட்டத்திலிருந்து வேலைக்காக இங்கு வந்திருக்கும் ஒரு தம்பி, "அக்கா, 'இன்னாடி பண்ணிகினு கீறே'ன்னு வர்ற இடமெல்லாம் எனக்குத் தடுக்குது, எழுத்துத் தமிழுக்கு மாத்திடுங்க" என்றார். இன்னொருவர் முடிவைச் சோகமாக்கச் சொன்னார். மூன்றையும் செய்தேன். அடுத்த மாதம் அதே கதையைப் படித்துவிட்டு எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். தமிழாசிரியர் மட்டும், "இதில் உங்கள் பெரியம்மா இல்லையே" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய படியையும் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. தடுக்கிய இடத்தைக் காட்டியதில் அவர்கள் யாருமே தவறவில்லை. மருந்தைத்தான் நான் அப்படியே விழுங்கியிருந்தேன். முதல் இரண்டு பத்திகளில் தமிழாசிரியர் நின்றுபோனது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் பீடி சுற்றும் வேலை இல்லை. அந்த வேலையைச் செய்பவள் யார், இன்று இருட்டுவதற்குள் ஆயிரம் பீடி முடித்தாக வேண்டிய அவசரம் அவளுக்கு ஏன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட மறுநாள்தான் கடைசி நாள் என்ற ஒரு வரியை முதலில் வைத்துவிட்டு, இரண்டு பத்திகளையும் அதன் பின்னால் திரும்பச் சேர்த்தேன். அடுத்த முறை அந்தப் பத்திகளைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள்.

பேச்சுமொழியைப் பொறுத்தவரை, தம்பிக்குத் தடுக்கியதும் உண்மைதான். எடுத்துப் பார்த்தபோது, உரையாடலில் மட்டுமன்றிக் கதை சொல்லும் வரிகளிலும் நான் இடையிடையே 'சுத்திகினு' என்று எழுதியிருந்தேன். யார் பேசுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழுக்கு மாற்றி, பெரியம்மாவின் வாயில் வந்தவற்றை நம் வட ஆற்காட்டுப் பேச்சிலேயே விட்டேன். இந்தப் பேச்சை அச்சில் பார்ப்பது அரிதாக இருப்பதால், யார் சொன்னாலும் அதை முழுதாகத் துடைத்துவிடாதீர்கள் என்று இவ்விடத்தில் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். முடிவைச் சோகமாக்கும்படி வந்த கருத்தை விட்டுவிட்டேன். அது கதையில் ஏதோ ஓரிடம் அவரைத் தடுத்ததால் பிறந்ததில்லை. அவர் எழுத விரும்பிய வேறொரு கதையிலிருந்து வந்தது.

ஆகவே இப்போது நான் செய்வது இது. கூட்டத்திலிருந்து வந்ததும் எதையும் திருத்துவதில்லை. ஒரு வாரம் கோப்பைத் திறப்பதுமில்லை. பிறகு ஒரு தாளை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் தடுக்கிய இடத்தையும் வலப்பக்கம் அவர்கள் சொன்ன மாற்றத்தையும் எழுதுகிறேன். இடப்பக்கத்தில் ஒரே பத்தி எண் இரண்டு பேரிடமிருந்து வந்தால் அங்கே கட்டாயம் ஏதாவது செய்கிறேன். வலப்பக்கத்தை மூடி வைத்துவிட்டு, என்ன செய்வது என்று நானே யோசிக்கிறேன்.

ஏழாம் படி: பிறர் கதைக்குக் கருத்துச் சொல்லுதல்

மேலே சொன்னதையே திருப்பிப் போடுங்கள். கதையை இருமுறை படித்துவிட்டுப் போங்கள். எங்கே நின்றுபோனீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எப்படி மாற்றுவது என்பதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பிடித்த இடத்தையும் பத்தி எண்ணோடு சொல்லுங்கள், ஏனென்றால் எழுதியவர் அடுத்த திருத்தத்தில் அதைத்தான் தெரியாமல் வெட்டிவிடுவார்.

பின்னர்ச் சேர்த்தவை

இதைப் படித்த பலர் கதை திருடுபோகாதா என்று கேட்டிருந்தார்கள். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. குழுவுக்கு அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள், நாளும் படியும் அதில் இருக்கும்.

ஒருவர் தம் கதையைக் கருத்துக் கேட்பதற்காக முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி இட்டுவிட்டு, பிறகு ஓர் இதழுக்கு அனுப்பியபோது ஏற்கெனவே வெளிவந்தது என்று திரும்பி வந்ததாக எழுதியிருந்தார். இதழ்கள் பலவும் வேறெங்கும் வெளிவராத படைப்பையே கேட்கின்றன. கருத்துக்காகக் கொடுப்பதை உங்கள் ஐந்தாறு பேருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாத வெயிலில் கூட்டம் எப்படி நடக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். நாங்கள் வழக்கமாகக் கூடுவது கோட்டை அகழியை ஒட்டிய பூங்காவில். வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் அங்கே யாராலும் உட்கார முடியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஆறரைக்கே தொடங்கி, இரண்டு கதைக்குப் பதிலாக ஒரு கதையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வீட்டை விட்டு வர இயலாத பெண்கள் இருவர் எழுதியிருந்தார்கள். எங்கள் குழுவில் ஓர் அக்கா கைக்குழந்தையோடு இருந்த காலத்தில் தம் கருத்துகளை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவார். கூட்டத்தில் அவர் முறை வரும்போது அதை எல்லாரும் கேட்கும்படி ஒலிக்கவிடுவோம். அவர் கதைக்கு வந்த கருத்துகளையும் அவ்வாறே பதிந்து அனுப்பினோம். குரல் பதிவிலும் பத்தி எண்ணை முதலில் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.