பொருளியல் பட்டப்படிப்பு: கணக்கைத் தள்ளிப்போடுவதில் தொடங்கும் தவறுகள்

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வு முடிவுகள் வந்த மறுவாரம். எங்கள் புளோக்கின் கீழே உள்ள காப்பிக் கடையில் பக்கத்து வீட்டு அண்ணனும் அவர் மகளும் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "தங்கச்சி, நீ பொருளியல் படிச்சவதானே? இவளுக்குக் கணக்குன்னாலே ஆகாது. அதனால எகனாமிக்ஸ் எடுக்கிறேங்கிறா. சரியா வருமா?" என்றார் அண்ணன்.

இந்தக் கேள்வியை நான் வருடா வருடம் கேட்கிறேன். பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான். மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளை விடுகின்றன.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. தொடக்கக் கல்லூரியில் எச்2 பொருளியல், அதாவது ஏ லெவல் பாடமாகப் படிக்கும் பொருளியல், என்பது வரைபடமும் கட்டுரையும். தேவைக் கோடு, அளிப்புக் கோடு, நெகிழ்ச்சி, சந்தைத் தோல்வி, பிறகு சிங்கப்பூருக்கு ஏற்ற கொள்கை எது என்று ஒரு வாதம். வகை நுண்கணிதம் எட்டிக்கூடப் பார்க்காது. பல்கலைக்கழகத்திலும் முதல் பாடம் ஏறக்குறைய அப்படித்தான் போகும். தனி மனிதரும் நிறுவனமும் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் இரண்டாம் ஆண்டு நுண்பொருளியலில்தான் தரை மாறுகிறது.

அன்று ரசீதின் பின்பக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு கணக்கு எழுதிக் காட்டினேன். கையில் 12 வெள்ளி. ஒரு காப்பி 1.50, ஒரு பரோட்டா 2 வெள்ளி. காப்பியின் எண்ணிக்கையையும் பரோட்டாவின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வருவதுதான் உன் மனநிறைவு என்று வைத்துக்கொள். எத்தனை காப்பி, எத்தனை பரோட்டா வாங்குவாய்? தொடக்கக் கல்லூரியில் "கடைசி ஒரு வெள்ளி தரும் பயன் இரண்டிலும் சமமாக இருக்கும் வரை வாங்குவேன்" என்று எழுதினால் போதும். பல்கலைக்கழகத்தில் அந்தச் சமன்பாட்டை எழுதி, வகையீடு செய்து, 4 காப்பி, 3 பரோட்டா என்று விடை கொண்டுவர வேண்டும். அப்புறம் காப்பி விலை ஏறினால் என்ன ஆகும் என்று எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துக் காட்ட வேண்டும். அவள் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எச்2 கணக்குல படிச்சதுதானேக்கா," என்றாள். அதேதான். புதிய கணிதம் கொஞ்சம்தான். பழையதைக் கைவிடாமல் வைத்திருப்பதுதான் வேலை.

அதனால்தான் தேசிய சேவை முடித்து வரும் தம்பிகளை நினைத்துக் கவலைப்படுகிறேன். இரண்டு ஆண்டு கணக்குப் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு நேராக விரிவுரைக்கு வந்து உட்காருகிறார்கள். சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் வகையீடு, நிகழ்தகவு, கருதுகோள் சோதனை மூன்றையும் பழைய நோட்டுகளிலிருந்து ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும், முதல் ஆண்டே வேறு மாதிரி இருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். தொடக்கக் கல்லூரியில் பொருளியலே எடுக்கவில்லையே என்று தயங்குபவர்கள் மட்டும் தயங்க வேண்டாம். அறிமுகப் பாடம் அடியிலிருந்து தொடங்கும்.

சரி, சேர்ந்தாகிவிட்டது. அடுத்த தவறு, பாடங்களைத் தனித்தனியாகப் பார்ப்பது. இந்தப் படிப்பு ஒரு ஏணி. கணித முறைகளும் புள்ளியியலும் கீழ்ப்படிகள். அவற்றின் மேல் இடைநிலை நுண்பொருளியலும், நாட்டுப் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் பேரியல் பொருளியலும். அதற்கு மேல் எகனாமெட்ரிக்ஸ், அதாவது தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்து எது எதற்குக் காரணம் என்று பிரித்துப் பார்க்கும் பாடம். அதன் மேல்தான் தொழிலாளர் பொருளியல், நிதிப் பொருளியல், கடைசி ஆண்டு ஆய்வேடு எல்லாம். கீழ்ப்படியை ஒரு பருவம் தள்ளிவைத்தால் மேலே உள்ளவை எல்லாம் தள்ளிப்போகும். மூன்றாம் ஆண்டில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போக ஆசைப்படுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே படிக்கும் எல்லாப் பாடமும் இங்குள்ள கட்டாயப் பாடத்துக்கு ஈடாக ஏற்கப்படாது. ஆகவே எகனாமெட்ரிக்ஸைப் போகும் முன்பே முடித்துவிட வேண்டும். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று நான்காம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எழுதிய ஒரு தாள், முதல் வாரத்திலேயே கையில் இருக்கட்டும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சில பாடங்களுக்கு மதிப்பெண்ணைச் சராசரியில் சேர்க்காமல் தேர்ச்சி என்று மட்டும் காட்டும் வசதி உண்டு. பிள்ளைகள் 'எஸ்யு போடுவது' என்பார்கள். நல்ல வசதிதான். ஆனால் அதைக் கணித முறைப் பாடத்துக்குப் போட்டால் மதிப்பெண் மறையும், பலவீனம் மறையாது. அடுத்த பருவம் அதே கணக்கு வேறு பெயரில் வந்து நிற்கும். எஸ்யு போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள். விடுமுறையில் அந்தப் பாடத்தை மறுபடி படித்துவிடுங்கள்.

எகனாமெட்ரிக்ஸை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலர் அதைக் கசப்பு மருந்து மாதிரி விழுங்கிவிட்டுப் போகிறார்கள். அதுதான் இந்தப் படிப்பின் இதயம் என்பது என் கருத்து. நம் வீடுகளில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். துணைப்பாட வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். வகுப்பால்தான் எடுக்கிறார்களா? வசதியுள்ள, படிப்பில் அக்கறை காட்டும் பெற்றோர்தான் வகுப்புக்கு அனுப்புகிறார்கள் என்றால், அந்த வசதியும் அக்கறையும்கூட மதிப்பெண்ணைக் கூட்டியிருக்கலாம். மாறாக, பின்தங்கிய பிள்ளைகளையே அதிகம் அனுப்பினால், பலன் தரும் வகுப்புகூடப் பலனில்லாதது போலத் தெரியும். இந்த முடிச்சை அவிழ்க்கக் கற்றுத் தருவது அந்த ஒரு பாடம்தான். இதைக் கற்றவர் மாதா மாதம் கட்டும் டியூஷன் பணத்தைப் பற்றியும் பேசலாம், நாட்டின் கொள்கையைப் பற்றியும் பேசலாம். கூடவே ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருளில் கை பழக வேண்டும். பயிற்சிக்கான தரவுகளைப் புள்ளிவிவரத் துறை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது.

பொருளியலையும் வணிக நிர்வாகத்தையும் ஒன்றாக நினைப்பதும் நம் பெற்றோரிடம் நிறைய உண்டு. ஒரு கடையை லாபத்தோடு நடத்துவது எப்படி என்பது நிர்வாகப் படிப்பு. அந்தத் தெருவில் ஏன் எல்லாக் கடை வாடகையும் ஏறுகிறது என்பது பொருளியல். பல்கலைக்கழகங்களும் ஒரே மாதிரி இல்லை. தேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளியல், 2021இல் முதல் மாணவர்களைச் சேர்த்த மனிதவியல், அறிவியல் கல்லூரியின் (College of Humanities and Sciences) கீழ் வருகிறது. பொதுப்பாடங்களே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் சிறு வகுப்புகள், பேசினால்தான் மதிப்பெண். பாடங்களுக்கு ஏலம் கேட்டு இடம் பிடிக்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால், கணிதத் துறையின் மெய்யெண் பகுப்பாய்வு (real analysis) என்ற, நிரூபணங்கள் நிறைந்த பாடத்துக்கு இரண்டாம் ஆண்டிலேயே இடம் ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒன்று. பாடப்புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்கா. விலைவாசி ஏறினால் மத்திய வங்கி வட்டியை ஏற்றும் என்று அதில் படித்துவிட்டு, நம் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையமும் அதையே செய்யும் என்று நேர்காணலில் சொல்பவர்கள் உண்டு. நம் ஆணையம் 1981 முதல் வட்டியை அல்ல, வெள்ளியின் நாணய மாற்று விகிதத்தைத்தான் கருவியாக வைத்திருக்கிறது. நம் ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அரிசி முதல் எண்ணெய் வரை வெளியிலிருந்துதான் வருகிறது. வெள்ளியின் மதிப்பு கூடினால் இறக்குமதி விலை இறங்கும். இவ்வளவு சிறிய, திறந்த நாட்டில் வட்டியைவிட அதற்குத்தான் வீச்சு அதிகம்.

அந்தப் பெண்ணிடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஆணையம் 2024 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முறை தன் நாணயக் கொள்கை அறிக்கையை வெளியிடுகிறது. சில பக்கம்தான். ஆகஸ்டில் வகுப்பு தொடங்குவதற்குள் இரண்டு வந்துவிடும். "புரியாத சொல்லை எல்லாம் கோடு போட்டு எடுத்துட்டு வா, உட்கார்ந்து பேசுவோம்," என்றேன். ஏப்ரல் அறிக்கையில் பதினேழு சொல்லுக்குக் கோடு போட்டுக் கொண்டுவந்தாள். ஜூலையில் ஐந்து.