கோடையில் மதுரைக்கு வருகிறீர்களா? டிக்கெட் போடும் முன் படித்துவிடுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். வேறு வழியும் இல்லை. ஆனால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மதுரைக்கென்று ஒரு நாட்காட்டி ஓடிக்கொண்டிருக்கும். வரி கட்ட ஒரு கெடு, பட்டா மனு கொடுக்க ஒரு நாள், கோர்ட்டுக்கு லீவு, கடலுக்கு லீவு, அழகர் வருகிற நாள் என்று எல்லாம் அதில் இருக்கும். மூன்று வாரம் லீவு போட்டு வந்து, அதில் பாதியை ‘சார் லீவுல இருக்காரு, அடுத்த மாசம் வாங்க’ என்ற பதிலைக் கேட்டே தொலைக்கிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் வெயில். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அதோடு வெயிலும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஜூனில் லீவு; துபாய், லண்டன்காரர்களுக்கு ஜூலையும் ஆகஸ்டும். ‘அதற்குள் மழைக்காலம் வந்துவிடுமே’ என்று நினைத்துக் குடையோடு இறங்குவார்கள். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டும், இந்தப் பக்கம் காற்று மட்டும்தான் வரும். நமக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில். ‘மதுரையில் வெயில் சதம் அடித்தது’ என்று பேப்பரில் வந்தால் அது ஃபாரன்ஹீட் கணக்கு. உங்கள் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னால் 38 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் 40-ஐத் தாண்டுகிற நாட்களும் உண்டு.

ஊர்க்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். காலை 10 மணிக்குள் ஒரு வேலை, மாலை 5-க்கு மேல் ஒரு வேலை, நடுவில் வீடு. உறவினர் வீடுகளுக்கு மத்தியானம் போய் நிற்காதீர்கள். அவர்கள் தூக்கமும் கெடும், உங்களுக்காக அடுப்படியில் வேறு வேக வேண்டியிருக்கும். மீனாட்சியம்மன் கோயிலும் மதியம் 12.30-க்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறப்பார்கள். விடியற்காலையில் போங்கள், கூட்டமும் குறைவு, கல்லும் குளிர்ந்திருக்கும். உச்சிவெயில் ஏறிவிட்டால் ஆடி வீதியில் விரித்திருக்கும் தேங்காய் நார் விரிப்பை விட்டு ஓர் அடி தள்ளி வைக்க முடியாது. 2018-ல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. குழு குழுவாகப் பிரிந்து போகிறவர்கள் எந்தக் கோபுர வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நான்கு கோபுரமும் புதியவர்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அரைக்கால் டவுசரோடு வரும் மருமகன்களுக்கு வாசலிலேயே வேட்டி விற்பார்கள்.

குடிக்க என்ன கொடுப்பது என்பதில் தாத்தா பாட்டிகளுக்கும் வெளிநாட்டு அம்மாக்களுக்கும் நடக்கும் சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. என் கட்சி: இளநீரும் நுங்கும் தாராளமாகக் கொடுக்கலாம், ஐஸ் போட்டதில் கவனம் வேண்டும். நுங்கு வாங்கும்போது ‘இளசாப் பாத்து வெட்டுங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு, சீவிய காயை அப்படியே கையில் வாங்குங்கள். கட்டைவிரலைக் கண்ணுக்குள் விட்டு நெம்பினால் முதலில் தண்ணீர் முகத்தில் பீய்ச்சும், பிறகு வழுக்கிக்கொண்டு வரும். பிள்ளைகள் அந்தப் பீய்ச்சலுக்காகவே இன்னொன்று கேட்பார்கள். முற்றியதென்றால் விரல் இறங்காது; வயிற்றுவலிக்கு அதுதான் வழி. பதநீர் என்றால் காலையில் மட்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியது வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கிவிடும். ஜிகர்தண்டா குடிக்காமல் போக முடியாது என்பது எனக்கும் தெரியும். விளக்குத்தூண் பக்கம் போங்கள், ஆனால் வந்து இறங்கிய மறுநாளே வேண்டாம், வயிறு ஊர்த் தண்ணீருக்குப் பழகட்டும்.

அழகர் எப்போது வருகிறார்?

சித்திரைத் திருவிழாவின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். சித்ரா பௌர்ணமியை வைத்துக் கணக்கு. 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 16, 2025-ல் மே 12. போன வருஷத் தேதியை நம்பி டிக்கெட் போட்டால், அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு வந்து நிற்பீர்கள். மீனாட்சி திருக்கல்யாணம் அதற்குச் சில நாள் முன்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மாசி வீதிகளில் தேர். திருக்கல்யாணத்தைக் கோயிலுக்குள் உட்கார்ந்து பார்க்க கட்டணச் சீட்டு உண்டு, ஆன்லைனில் கேட்க வேண்டும், எல்லாருக்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். மதுரைப் பெண்களில் பாதிப்பேர் டிவியின் முன் உட்கார்ந்து அந்த முகூர்த்தத்தில்தான் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடக்கும், சாப்பிட்டுவிட்டு மொய் வைத்துவிட்டு வரலாம்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு, அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்துக்கு வைகைக்குள் போவதை நான் சொல்லமாட்டேன். லட்சக்கணக்கில் நிற்கும் இடம். 2022-ல் நெரிசலில் 2 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய நாள் எதிர்சேவை, அதாவது வருகிற அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் நாள் இருக்கிறதே, அதற்குப் போங்கள். அழகர்கோயில் சாலை நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் (அழகரை நிறுத்தி வழிபடும் மண்டபங்கள், பந்தல்கள்) நின்று நின்றுதான் அழகர் வருகிறார். ஏதாவது ஒரு மண்டகப்படிக்குப் பக்கத்தில், வெளியே போக ஒரு சந்து இருக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டால் பக்கத்திலேயே பார்க்கலாம். செம்பு நிறையச் சர்க்கரை, வாயில் வாழையிலை கட்டி, அதன்மேல் சூடம் எரிய ஏந்திக்கொண்டு நிற்பவர்கள் உங்கள் தோளை உரசிக்கொண்டு நிற்பார்கள். செயற்கைப்பட்டுத் தாவணி வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். வேஷம் கட்டியவர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் உங்கள் மேலும் விழும். செல்போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் அன்போடு கொடுப்பார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு வீட்டுத் தண்ணீரே போதும்.

இன்னொன்று. திருவிழா நாட்களில் வைகைக்கு வடக்கே கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கமெல்லாம் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே. அன்றைக்கு விமானம் என்றால் ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பட்டா, வரி, கோர்ட்

உண்மையில் பாதிப்பேர் வருவது இதற்காகத்தான், வெளியே சொல்வதில்லை. மாநகராட்சி சொத்துவரியை முதல் அரையாண்டுக்கு ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதற்காக யாரும் விமானம் ஏற வேண்டாம், ஆன்லைனிலேயே கட்டலாம். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் வரிச்சீட்டு வருகிறதா, உங்கள் பெயரில் வருகிறதா என்று பார்க்க இது நல்ல சமயம்.

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. பாகப்பிரிவினை வழக்குக்காக மே மாதம் லீவு போட்டு வராதீர்கள்; வக்கீலையே பிடிக்க முடியாது, அவர் கொடைக்கானலில் இருப்பார். அதே மே, ஜூனில் தாலுகா ஆபீஸ்களில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை நடக்கும். கிராமத்து நிலத்தில் பட்டா பெயர் மாற்றம், உட்பிரிவு, அளவுத் தவறு என்று எந்தக் குறை இருந்தாலும் நேரில் மனு கொடுக்க இதுதான் தோதான நேரம், ஏனென்றால் கணக்குப் புத்தகங்களும் அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள். சில கிராமங்கள் சேர்ந்த ஒவ்வொரு உள்வட்டத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குவார்கள். உங்கள் கிராமத்துக்கு எந்த நாள் என்று வி.ஏ.ஓ.விடம் முன்பே கேட்டுவிட்டால் டிக்கெட்டை அதற்கேற்ப நகர்த்தலாம். வருவதற்கு முன்பே சிட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் பார்த்துவிடுங்கள், இலவசம்தான். பார்த்தால்தான் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்பதே தெரியும்.

அண்ணன் வரமுடியாமல் அங்கிருந்து பவர் பத்திரம் எழுதி அனுப்பினால், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்றளித்திருக்க வேண்டும்; இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்று பீரோவில் வைத்தால் அது வெறும் காகிதம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் பூர்வீக விவசாய நிலத்தை வாரிசாக அடையலாம், புதிதாக விலைக்கு வாங்க முடியாது. ‘உங்க பேர்லயே முடிச்சுரலாம் சார்’ என்று சொல்லும் புரோக்கரை அந்த இடத்திலேயே கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

கடல் பக்கம்

மதுரைக்குக் கடல் இல்லை, ஆனால் லீவில் வந்த குடும்பம் ராமேசுவரம் போகாமல் திரும்பாது. சுமார் 170 கிலோமீட்டர். ரயிலிலேயே போங்கள், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மறுபடியும் தீவு வரை ரயில் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் ஊர் மீன். கொஞ்சம்தான் வரும், விலையும் ஏறும். வஞ்சிரம் என்று மதுரை ஓட்டலில் போடுவது பெரும்பாலும் வேறு கரையிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும். அந்தச் சமயம் அயிரை என்ற சின்ன நன்னீர் மீனுக்கு மாறிவிடுங்கள். உயிரோடு வாங்கி, பால் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டால் வயிற்றிலுள்ள மண்ணையெல்லாம் கக்கிவிடும். பிறகு கல்லில் உப்புப்போட்டு உரசிக் கழுவிக் குழம்பு வைப்பார்கள். கிலோ விலை ஆட்டுக்கறியைத் தாண்டும், கேட்டு மலைக்காதீர்கள்.

குளிக்கும் இடத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். ராமேசுவரத்தில் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கோடையும் ஆடிக்காற்றும் சேர்ந்த மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும். அக்னி தீர்த்தத்தில் இடுப்பளவு நீரில் நின்றவர்கள் தனுஷ்கோடியைத் தாண்டித் தீவு முடியும் அரிச்சல்முனையிலும் அப்படி நிற்கலாம் என்று இறங்கிவிடக் கூடாது, அங்கே நீரோட்டம் இழுத்துவிடும். தெற்குக் கரைக்கு ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை வந்தால், வானம் தெளிவாக இருந்தாலும் அலை திடீரென்று எழும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படித்தான் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் போனார்கள். கரையில் மீனவர்கள் ‘இறங்காதீங்க’ என்றால் அதற்குமேல் பேச்சில்லை. கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093.

மலை என்றால் கொடைக்கானல். சொந்தக் கார், வாடகைக் கார் எதுவானாலும் இ-பாஸ் வேண்டும், கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை, ஆரப்பாளையத்திலிருந்து புறப்படும். தேனி, திண்டுக்கல், கோவையும் அங்கிருந்துதான். சென்னை, திருச்சி, நெல்லை, ராமேசுவரம் எல்லாம் மாட்டுத்தாவணி. பெட்டியோடு ஒன்றுக்குப் போய் மற்றதற்கு ஆட்டோ பிடிக்கும் கூத்தை இதைத் தெரிந்துகொண்டால் தவிர்க்கலாம்.

ரயில் டிக்கெட் இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், உங்களில் பலரிடம் ஆதாரே இருக்காது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், கனடா போன்ற நாடுகளின் போன் எண்ணிலேயே யு.பி.ஐ. வைத்துக்கொள்ளலாம், உங்கள் வங்கி தருகிறதா என்று புறப்படும் முன் கேளுங்கள். போன தடவை மிச்சம் வைத்த 2,000 ரூபாய் நோட்டு இப்போது எந்தக் கடையிலும் ஓடாது.

திரும்பிப் போகும்போது வீட்டை வெறுமனே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். மொட்டைமாடித் தொட்டியைக் காலி செய்து கவிழ்த்தோ மூடியோ வையுங்கள், இல்லாவிட்டால் தெருவுக்கே கொசு. கரண்ட் பில்லுக்கு முன்பணம் கட்டிவிடலாம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதில் கழித்துக்கொள்வார்கள். பணம் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குப் போன் செய்யவே அங்கே ஆள் இருக்காது. மெயினை அணைக்கும்போது போர் மோட்டாரை மறந்துவிடாதீர்கள். வருஷக்கணக்கில் ஓடாத மோட்டார் இறுகிப்போகும். சாவி வைத்திருக்கும் சித்தப்பாவிடம், மாதம் ஒருமுறை வந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரை வாசல் வேப்பமரத்துக்குத் திருப்பிவிடச் சொல்லிவிட்டுப் போங்கள்.