காற்று விழுந்துவிட்டால்: பாய்மரப் போட்டிக்கு முதல்முறை படகேறும் தம்பிகளுக்கு

தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைப் பக்கம் நாட்டுப்படகில் பாய் கட்டிப் போட்டி விடுவார்கள். காற்று நன்றாக இருக்கும் நாளில் எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தர ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பாதி வழியில் காற்று விழுந்து, பாய், அதைக் கட்டியிருக்கும் பருமல் கம்பில் ஈரத்துணி மாதிரி தொங்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. வாடைக்காற்று முடிந்து மேற்குக் காற்றான கச்சான் பிடிப்பதற்கு முன்னால், பங்குனி சித்திரையில், இது அடிக்கடி நடக்கும். காலையில் கரைக்காற்று ஓய்ந்து, வெயில் ஏறிக் கடல்காற்று எழும்பும்வரை நடுவில் ஒரு வெற்றுப்பொழுது இருக்கிறதே, அதில்தான் மாட்டுவோம்.

முதலில் உட்காருங்கள். யாராவது ஒருவர் எழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தால் படகு ஆடும், படகு ஆடினால் பாயில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றும் உதிர்ந்துவிடும். நல்ல காற்றில் படகு கவிழாமல் இருக்கக் காற்று வரும் பக்கம் ஏறி உட்காருவோம் இல்லையா, இப்போது அதற்கு நேர்மாறு: இரண்டு பேர் பாய் இருக்கும் பக்கமே சாய்ந்து, கொஞ்சம் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, ஒட்டி உட்காரவேண்டும். படகு லேசாகச் சாய்ந்தால் பாய் தன் கனத்திலேயே வளைந்து வடிவம் பிடிக்கும், பின்பக்கமான அமரமும் தண்ணீரில் அழுந்தி இழுக்காது. உள்ளே தேங்கிய தண்ணீரை அப்போதே இறைத்துவிடுங்கள், அது சும்மா சுமக்கிற கனம்.

அப்புறம் தாமான், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. பதற்றத்தில் எல்லோரும் அதைத்தான் இறுக்குகிறார்கள், தப்பு. ஒரு சாண் இளக்கி விடுங்கள், பாய் கொஞ்சம் தொப்பை போட்டாற்போல் இருக்கட்டும். சுக்கானையும் ஆட்டாதீர்கள், ஒவ்வொரு திருப்பும் இருக்கிற ஓட்டத்தைத் தின்னும்.

பாயை விசிறி மாதிரி அடித்து ஓட்டலாமா என்று கேட்பீர்கள். சர்வதேசப் பாய்மரப் போட்டி விதிகளில் 42ஆவது விதி அதைத் தடுக்கிறது, துடுப்பும் போடக்கூடாது. ஆனால் நங்கூரம் போட அனுமதி உண்டு. நம் ஊர்ப் போட்டியில் என்ன வழக்கம் என்று கிளம்பும் முன்பே பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நங்கூரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், காற்று நின்றாலும் நீவாடு, அதாவது நீரோட்டம், நிற்காது. படகு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும், கரையைப் பார்த்தால் கோபுரமும் பனையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகும். ஒரு கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டித் தரை தட்டும்வரை இறக்கி, கயிற்றைக் கொஞ்சம் தளரவிட்டு விரலில் பிடித்திருங்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், பெரும்பாலான இடத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது, அதனால் இது நமக்கு எளிது. குண்டு கிடந்த இடத்தில் கிடக்கும். கயிறு அணியத்தின் பக்கம் சாய்ந்தால் பின்னால் போகிறீர்கள் என்று அர்த்தம், உடனே நங்கூரத்தை இறக்குங்கள். மற்ற படகுகள் பின்னுக்கு மிதந்து போகும்போது நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றால், ஒரு துளிக் காற்றும் இல்லாமல் முந்துகிறீர்கள்.

வெயிலை லேசாக நினைக்காதீர்கள். மேலே இருந்து அடிப்பது போதாதென்று, தண்ணீரிலிருந்தும் எகிறி முகத்தில் அடிக்கும். தாகம் எடுக்கும் முன்பே மாற்றி மாற்றிக் குடியுங்கள். உப்புப் போட்ட நீராகாரம் ஒரு கேன் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். தலைத்துண்டை நனைத்துக் கட்டுங்கள். இந்த நேரத்தில்தான் "நீ அப்பவே திருப்பியிருக்கணும்ணே" என்று சண்டை தொடங்கும். அதைக் கரைக்கு வந்து பேசிக்கொள்ளலாம். பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் 2022 செப்டம்பரில் கிளம்பி 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்த அபிலாஷ் டோமி தனி ஆள், சண்டை போடக்கூட யாரும் கிடையாது. பூமத்திய ரேகையை ஒட்டிக் காற்றே செத்துக்கிடக்கும் கடலை, போகும்போதும் வரும்போதும் அப்படித்தான் தாண்டவேண்டும்.

மேற்கே கருமேகம் திரண்டு இடி கேட்டால் போட்டியை மறந்து பாயை இறக்குங்கள். இதில் யோசிக்கவே கூடாது.

மற்றபடி ஒருவருடைய வேலை காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது மட்டும். பாய்மரக் கயிற்றில் பழைய கேசட் நாடா ஒரு முழம் கட்டிவிடுங்கள், கன்னத்துக்குத் தெரியாத காற்று அதற்குத் தெரியும். கண்ணாடி மாதிரி கிடக்கும் கடலில் எங்காவது கறுத்த திட்டு, சொரசொரவென்று, தெரிகிறதா என்று பாருங்கள். அதுதான் காற்று. போன தடவை எங்கள் படகில் அணியத்தில் இருந்த பையன் நாடா துடித்ததைப் பார்த்து "கொண்டல் வருது" என்று மெதுவாகத்தான் சொன்னான், கொண்டல் என்றால் கீழ்க்காற்று. நங்கூரம் ஏறியது, யாரும் எழவில்லை, தாமானையும் உடனே இழுக்கவில்லை. படகு நகர்ந்து அணியத்தில் தண்ணீர் சலசலக்கும்வரை விட்டு, அதற்குப் பிறகுதான் கையளவு கையளவாக இழுத்தோம்.